பிழை: பூஜ்யம்

சர்க்யூட் போர்டு வரைகிறவர்களின் வாழ்வில் ஒரு சின்ன மோட்ச ஸ்திதி உண்டு. வரைந்து முடித்துச் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் சில விநாடிகள் யோசித்துவிட்டு, திரையின் அடியில் பிழைகள் பூஜ்யம், எச்சரிக்கைகள் பூஜ்யம் என்று காட்டுகிற கணம் அது. டிஸைன் ரூல் செக் என்பது முழுப்பெயர், டி.ஆர்.சி. என்போம். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா, துளை போர்டின் விளிம்பை நெருங்கிவிட்டதா, ஒரு உறுப்பு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான ஜோடிகளை எடுத்து அளந்து பார்க்கிற வேலை. மனிதன் செய்தால் கண் போய்விடும்.

செய்துகொண்டுதான் இருந்தார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் 1970களில் பெங்களூரில் அந்த வேலை பார்த்தவர். ஒளி புகும் பிலிமின் மேல் கறுப்பு டேப்பைத் தடம் தடமாக ஒட்டி, உறுப்பின் கால்கள் இறங்கும் இடங்களில் வட்டப் பொட்டுகளை ஒட்டி, நிஜ அளவைப்போல் இரண்டு மடங்கிலோ நாலு மடங்கிலோ போர்டைத் தயாரிப்பார்கள். பிறகு காமிராவால் சுருக்கிப் படமெடுப்பது. அதற்கு முன்னால், கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் பிலிமை விரித்து, சிவப்புப் பென்சிலோடு இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பார். வெயில் நாளில் டேப் நகர்ந்துவிடும், காலையில் சரியாயிருந்த இடைவெளி சாயங்காலம் சரியாயிராது என்று அவர் சொன்னபோது எனக்கு அது கவிதைபோலப் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை. நகர்ந்த டேப்பைத் திரும்ப ஒட்டியவர் அவர்.

நான் உபயோகிப்பது கிகாட் என்கிற இலவச மென்பொருள். 1992ல் பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் ழான்-பியர் ஷரா என்கிற ஆசிரியர் தொடங்கியது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2010களில் கைகொடுத்ததும் பெரிதாக வளர்ந்தது. கிரெனோபிளிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் லியோன். துளையிட்ட அட்டையைக் கொண்டு நூலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை ஜக்கார்டு என்பவர் 1804ல் தறிமேல் ஏற்றிய ஊர். எங்கள் வீட்டில் அப்பா பிழைத்ததும் நான் பிழைப்பதும் பூகோளப்படி பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களால் என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன். இதற்கு மேல் அந்த ஒற்றுமைக்கு அர்த்தம் கற்பிக்க விருப்பமில்லை.

பூஜ்யத்துக்கு வருகிறேன். கல்லூரி நாட்களில் வெண்பா எழுதியிருக்கிறேன். இப்போது யாப்பைச் சோதிக்கவும் மென்பொருள் வந்துவிட்டது. அவலோகிதம் என்று பெயர். செய்யுளைக் கொடுத்தால் சீர், தளை பிரித்து இன்ன பா என்று சொல்லிவிடும். பழைய நோட்டைத் தேடியெடுத்து என்னுடைய ஏழு வெண்பாக்களையும் போட்டுப் பார்த்தேன். ஏழும் வெண்பாதான். எங்கும் தளை தட்டவில்லை. எதிலும் கவிதை இல்லை.

இதைக் காட்டி யாப்பைப் பழிப்பது சுலபம். சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய பிறகு நடந்த புதுக்கவிதைச் சண்டையில் அதைத்தான் பலர் செய்தார்கள். விதி இருந்தால் கவிதை என்றது ஒரு கட்சி. விதி போனால் கவிதை என்றது மறு கட்சி. செல்லப்பாவும் பிச்சமூர்த்தியும் இப்படிப் பாமரமாகப் பேசியவர்கள் அல்ல. பின்னால் வந்த சில்லறை ஆட்கள் இரண்டு பக்கமும் இப்படித்தான் பேசினார்கள். விதியை ஒரு வாயிற்காவலனாகப் பார்த்ததில் இரு கட்சிக்கும் பேதம் இருக்கவில்லை. காவலன் உள்ளே விட்டான் என்பது ஒருவனுக்குப் பெருமை. காவலனை அடித்துப் போட்டோம் என்பது மற்றவனுக்கு. விதி என்பது முன்னால் யாரோ விழுந்த இடத்தில் நட்ட கல் என்று எனக்குத் தெரியவந்தது இலக்கியத்தால் அல்ல.

எங்கள் ஊர் வெம்பாக்கம். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்தாலும் எங்கள் தறிகளில் இறங்குவது ஆரணிச் சரக்கு. அப்பா நெய்யவில்லை, கிராப் போட்டார். கட்டம் போட்ட தாளில் புடவையின் பூவையும் அன்னத்தையும் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை. மேலிருந்து கீழாக ஒரு வரிசை ஒரு கொக்கி. குறுக்கே ஒரு வரிசை ஒரு அட்டை. சிவப்புக் கட்டம் என்றால் அட்டையில் துளை, துளை என்றால் கொக்கி தூக்கும், தூக்கினால் அந்தப் பாவு நூல் மேலே போகும். அட்டை அடிக்கிறவருக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

வரைந்து முடித்ததும் அப்பா ஒரு தீக்குச்சியை ஆறு கட்ட நீளத்துக்கு ஒடித்துக்கொள்வார். அதைத் தாளின் மேல் ஒவ்வொரு வரிசையாக நகர்த்திக்கொண்டே போவார். எங்காவது குச்சியைவிட நீளமாக ஒரே நிறம் ஓடினால் நின்றுவிடுவார். அந்த இடத்தில் ஜரிகை எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஆறு கட்டத்துக்கு மேல் மிதக்கிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு புள்ளி வைத்து அதைக் கட்டவேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வேலை நடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பேன், அல்லது படிக்கமாட்டேன். டி.ஆர்.சி. என்ற சொல்லை முதன்முதல் கேட்டபோது என் மனசில் வந்து நின்றது அந்தத் தீக்குச்சிதான்.

ஆனால் அப்பாவின் புள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குச்சி நின்ற இடத்தின் நட்டநடுவில் அவர் புள்ளி வைத்ததில்லை. இலையாக இருந்தால் நரம்பு ஓடவேண்டிய இடத்தில் வைப்பார். அன்னமாக இருந்தால் இறகுக்கும் இறகுக்கும் நடுவில். அடுத்த வரிசையிலும் அதற்கடுத்த வரிசையிலும் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாகி இலைக்கு நரம்பு வந்துவிடும். நெய்த பிறகு பார்க்கிறவர்கள் நரம்பை ரசிப்பார்கள். அது நூலைக் கட்டிப்போட்ட முடிச்சு என்பது தெரியாது. வேறு சிலர் போட்ட கிராப்பையும் பார்த்திருக்கிறேன். குச்சிக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் வைத்த புள்ளிகள், அம்மைத் தழும்புபோல இலை முழுக்க.

ஏன் ஆறு என்று நான் கேட்டதில்லை. எண் இருந்தது, குச்சி இருந்தது. அவர் போன பிறகு, போர்டு வேலையில்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

அமெரிக்காவில் 1957ல் ஐ.பி.சி. என்ற பெயரில் தொடங்கிய சங்கம் இதற்கெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. இருநூறு வோல்ட் வித்தியாசமுள்ள இரண்டு தாமிரத் தடங்கள் எவ்வளவு விலகியிருக்கவேண்டும் என்று பார்த்தால் ஒரு எண் கிடைக்காது. போர்டின் உள்ளடுக்கில் புதைந்திருந்தால் 0.2 மில்லிமீட்டர் போதும். அதே தடங்கள் மேல்பரப்பில், பூச்சில்லாமல், காற்றுப்பட இருந்தால் 1.25. கடல்மட்டத்திலிருந்து 3050 மீட்டருக்கு மேலே போனால் 6.4. லடாக்கின் லே நகரத்துக்கு அனுப்புகிற போர்டுக்கு இந்தக் கடைசி எண் வேண்டும், ஏனென்றால் அங்கே காற்று மெலிந்துபோய், மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் பலத்தை இழந்துவிடுகிறது. இரண்டு பொருள்கள் எவ்வளவு தள்ளியிருக்கவேண்டும் என்பதை அந்தப் பொருள்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நடுவில் என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

இன்னொரு சூக்ஷ்மம். காற்றில் தாவுகிற தூரம் வேறு, பரப்பின் மேல் ஊர்கிற தூரம் வேறு. தூசியும் ஈரமும் படிந்த போர்டில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்து, வருகிற வழியைக் கரியாக்கி, அந்தக் கரியிலேயே மேலும் சுலபமாக ஊரும். அதற்குத்தான் இரண்டுக்கும் நடுவே போர்டிலேயே ஒரு பள்ளம் வெட்டிவிடுகிறோம், சுற்றிக்கொண்டு வரட்டும் என்று.

உறுப்புகளுக்கும் இடைவெளி உண்டு. ஒவ்வொரு உறுப்பையும் சுற்றி ஒரு கோடு. அதற்குள் இன்னொன்று வரக்கூடாது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கிற பெயருக்கு நேர்ச்சொல் முற்றம். சாதாரண உறுப்புக்குக் கால் மில்லிமீட்டர் முற்றம், செருகிகளுக்கு அரை மில்லிமீட்டர். உறுப்பைப் பொருத்தும் இயந்திரம் தடுமாறினாலும் பக்கத்து வீட்டில் இடிக்காமலிருக்க. ஒரு முற்றமும் இன்னொரு முற்றமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் டி.ஆர்.சி. கத்தும். உரசிக்கொண்டு நின்றால் கத்தாது.

நெசவாளர் தெருவில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. பாவைத் தெருவில் நீளக் கட்டிச் சீர்செய்யவேண்டும். அதற்குத் தெரு நேராகவும் காலியாகவும் இருக்கவேண்டும். ஒரு வீட்டுக்காரர் படியை ஓரடி முன்னால் கொண்டுவந்தால் பஞ்சாயத்து வரை போகும். வெளியூர்க்காரனுக்கு அது வெற்றுத் தெரு. காலையில் ஐந்து மணிக்கு வந்து பார்த்தவனுக்குத்தான் அந்தக் காலியில் என்ன இருந்தது என்று தெரியும்.

1980ல் கார்வர் மீடும் லின் கான்வேயும் சில்லு வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். தொழிற்சாலையை வாழ்நாளில் பார்க்காத மாணவன்கூடச் சில்லு வரையலாம். ஒரே ஒரு அடிப்படை நீளத்தின் மடங்குகளாகச் சில இடைவெளி விதிகளைக் கடைப்பிடித்தால் போதும் என்று காட்டினார்கள். மகத்தான காரியம், சந்தேகமில்லை. வரைகிறவனும் செய்கிறவனும் முகம் பார்க்காமலே ஒப்பந்தம் செய்துகொள்ள வழி பிறந்தது. முகம் பார்க்காததற்கு விலை உண்டு என்பதை மட்டும் நான் என் செலவில் தெரிந்துகொண்டேன். என் செலவில் என்று சொல்வதுகூடச் சரியில்லை.

2020ல் ஒரு பட்டறைக்காரருக்காக எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு ஒரு போர்டு வரைந்துகொடுத்தேன். அட்டைக்குப் பதில் மெமரி. துளைக்குப் பதில் கொக்கிக்கொரு சின்ன மின்காந்தம். காந்தங்கள் ஒரே சமயத்தில் இழுக்கும்போது மின்சாரம் திடுமென்று இறங்கும். அதைத் தாங்குவதற்கு மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கபாசிட்டர் ஒன்று, உயரமான உருளை. பக்கத்தில் நன்றாகச் சூடாகும் ஒரு ரெஸிஸ்டர். ஏற்கெனவே செய்துவைத்த தகரப் பெட்டிக்குள் போர்டு அடங்கவேண்டும் என்றார். இரண்டையும் நெருக்கிவைத்தேன். முற்றங்கள் உரசின, ஏறவில்லை. பிழை பூஜ்யம்.

அந்தக் கபாசிட்டருக்குள் இருப்பது ஈரம். சூட்டில் அது காயும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி; ரெஸிஸ்டரின் தோளில் சாய்ந்துகொண்டு 95 டிகிரியில் இருந்தால் 4000 மணி. நாளைக்குப் பத்து மணி ஓடுகிற தறியில் நானூறு நாள். கணக்கு எனக்குத் தெரியாதது அல்ல. சோதனை கேட்காததால் நானும் கேட்கவில்லை.

2022 வைகாசியில் போன் வந்தது. எங்கள் தெருக்காரர்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“தம்பி, உடம்பு நல்லாத்தான் வருது. முந்தி வந்தா பொட்டி தப்பாத் தூக்குது. ஒரு நட வந்து பாரேன்.”

“போர்டுல தப்பு இருக்காதுண்ணே. எல்லாம் செக் பண்ணியாச்சு. ஒயரக் கழட்டி மாட்டிப் பாருங்க, பென்டிரைவ மாத்திப் பாருங்க.”

மாற்றிப் பார்த்தார். என் சொல்லை நம்பி மேலும் இரண்டு நாள் நெய்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். உடம்பில் ஒரு வரிசைக்குச் சில கொக்கிகள்தான் தூக்குகின்றன. காய்ந்துபோன கபாசிட்டர் அதைச் சமாளித்துவிட்டது. முந்தியில் அன்னங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஏகப்பட்ட காந்தங்கள் ஒருசேர இழுத்ததும் அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. சில கொக்கிகள் தூக்கவில்லை. அந்தப் பாவு நூல்கள் கீழேயே கிடக்க, ஜரிகை எதிலும் மாட்டாமல் அவற்றின் மேலாகத் தாண்டிப் போயிருந்தது. எட்டுக் கட்டம், பதினோரு கட்டம், ஒரிடத்தில் பதினாலு. நான் விரலால் எண்ணினேன். என் விதியில் பூஜ்யம் வாங்கிய போர்டு, அப்பாவின் விதியை முந்தி முழுக்க மீறியிருந்தது.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மிதந்த ஜரிகையை ஊசியால் தூக்கிக் காட்டி, “இது வளையல்ல மாட்டும் தம்பி. மாட்டுனா புடவையே இழுத்துக்கும். உங்கப்பா இதுக்குத்தானே அந்தக் குச்சிய வெச்சிக்கினு உக்காந்துனு இருப்பாரு” என்றார்.

ஆறு என்ற எண்ணின் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. இருபது வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவருக்கு அது தெரிந்திருந்தது.

சரக்கு கொடுத்தவர் புடவையை ஏற்கவில்லை. கூலியும் கிடையாது என்றார். விலையைக் கொடுத்து நான் எடுத்துக்கொண்டேன். கூலியை அண்ணனிடம் கொடுத்தேன். நெய்த நாட்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, தறி நின்ற நாட்களுக்கானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கபாசிட்டரைத் தள்ளிவைத்துப் புதுப் போர்டு செய்தேன். தகரப் பெட்டியும் மாறவேண்டியதாயிற்று. கிகாட்டில் 2021 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே நம்முடைய விதியை நாமே வாக்கியமாக எழுதிச் சேர்க்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த ஒன்பதாம் பதிப்பில் உறுப்புகளை வகை பிரித்துப் பெயரிட்டு, இந்த வகைக்கும் அந்த வகைக்கும் இவ்வளவு தூரம் என்று சொல்லமுடிகிறது. சூடாகிறவை என்று ஒரு வகை, காய்கிறவை என்று ஒரு வகை வைத்து, நடுவே 12 மில்லிமீட்டர் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் பழைய போர்டை அதில் ஓட்டிப் பார்த்தேன். பிழை: ஒன்று. சில வருஷம் தாமதமாக.

சென்ற மாதம் என்னோடு வேலை செய்யும் பையன் கேட்டான்: “சார், இந்தப் பன்னெண்டு மில்லிமீட்டர் வேஸ்ட்டா கெடக்குதே. போர்டு சைஸக் கொறைச்சா காசு மிச்சம். இந்த ரூல எடுத்துடலாமா?” நியாயமான கேள்வி, நான் அப்பாவிடம் கேட்காதது. கபாசிட்டரின் ஆயுளைப் பற்றிச் சொன்னேன், நானூறு நாள் கணக்கையும் போட்டுக் காட்டினேன். தலையாட்டினான். புடவையைப் பற்றிச் சொல்லவில்லை. விதியின் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் உண்டு. அதிலும் வெப்பம் என்று ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவது? யாப்பிலக்கண ஆசிரியர்களுக்கும் இதே சங்கடம் இருந்திருக்கும் போலிருக்கிறது. சூத்திரத்தில் எண்தான் நிற்கிறது.

அந்தப் புடவை பீரோவில் இருந்தது. தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு என் மனைவி, நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, நான் வேண்டாமென்றும் கேளாமல் கட்டிக்கொண்டு வந்தாள். பந்தியில் உட்காரப் போனபோது, ஓரத்திலிருந்து மூன்றாவது அன்னத்தின் கழுத்துக்குக் கீழே ஜரிகை அவளுடைய வளையலில் மாட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி குனிந்து, பல்லால் கடித்து அதை அறுத்துவிட்டாள்.